பக்கத்து மெஷின் மெதுவாக ஓடும்போது: உடன் வேலை செய்பவரின் சலிப்பும் நம் ஊக்கமும்

அவிநாசியிலிருந்து திருப்பூர் போகிறவர்களுக்குத் திருமுருகன்பூண்டி உளிச் சத்தத்தால் தெரியும் ஊர். சிற்பக்கூடங்களில் கருங்கல் கொஞ்சம் கொஞ்சமாக நந்தியாகவும் விநாயகராகவும் உருமாறிக்கொண்டிருக்கும். அதே ஊரிலும் சுற்றுவட்டாரத்திலும் பனியன் கம்பெனிகளில் ஓவர்லாக், பிளாட்லாக் மெஷின்கள் வரிசை பிடித்து ஓடிக்கொண்டிருக்கும். கல்லில் எவர் கை பட்டது என்பது வேலை முடிந்த பிறகும் பட்டறைக்குத் தெரியும். ஒரு டி-ஷர்ட்டில் கழுத்துப்பட்டி வைத்தவர் யார், கை ஏற்றியவர் யார் என்பது அட்டைப்பெட்டி மூடப்பட்டதும் மறைந்துவிடும். இந்த வேறுபாட்டை மனத்தில் வைத்துக்கொண்டுதான் ஒரு பழைய கேள்வியை அணுக வேண்டியிருக்கிறது: கூட வேலை செய்பவர்கள் சுரத்தில்லாமல் இருக்கும்போது, ஒருவர் தன் வேலையில் ஊக்கத்தையும் மகிழ்ச்சியையும் எப்படிக் காப்பாற்றிக்கொள்வது?

இது வெறும் மனநிலைப் பிரச்சினை என்று தோன்றலாம். தையல் லைனில் அது கணக்குப் பிரச்சினையும்கூட. ஒரு பேச்சுக்கு, கை ஏற்றுபவர் மணிக்கு 60 பீஸ் தருகிறார், அடுத்து சைடு அடிப்பவர் 45 தருகிறார் என்று வைத்துக்கொள்வோம். எட்டு மணி நேர ஷிப்ட் முடியும்போது இருவருக்கும் நடுவே 120 பீஸ் குவிந்து கிடக்கும். முன்னவரின் வேகம் குவியலாக மட்டுமே மிஞ்சும். பின்னவருக்குப் பின்னால் இருப்பவர் பீஸுக்காகக் காத்திருப்பார். அவர் பீஸ் ரேட்டில் இருந்தால் காத்திருக்கும் நேரத்துக்குக் காசில்லை. ஆக, இன்னொருவரின் சலிப்பு நம் மனத்தைத் தொடுவதற்கு முன்பே சனிக்கிழமைச் சம்பளத்தைத் தொட்டுவிடுகிறது. இந்தக் கேள்விக்குக் காலந்தோறும் தரப்பட்ட விடைகளைத் தொகுத்து, ஒவ்வொன்றும் எங்கே நிற்கிறது, எங்கே சறுக்குகிறது என்று பார்ப்பதே இக்கட்டுரையின் வேலை.

குணமே காரணம்

முதல் விடை மிகப் பழையது: ஊக்கம் என்பது ஆளின் குணம். திருக்குறளின் பொருட்பாலில் ஊக்கமுடைமை, மடியின்மை, ஆள்வினையுடைமை என்று மூன்று அதிகாரங்கள் அடுத்தடுத்து வருவது தற்செயல் இல்லை. ஊக்கத்தை ஒருவரின் உள்ளுடைமையாகவும், சோம்பலைக் குடியையே கெடுக்கும் தீமையாகவும் அவை பார்க்கின்றன. அதே பொருட்பாலில் சிற்றினஞ்சேராமை என்ற அதிகாரமும் இருக்கிறது. மனிதரின் அறிவும் நடத்தையும் சேர்ந்த இனத்தைப் பொறுத்து அமையும் என்பது அதன் கருத்து. உள்ளிருந்து வருவது, சுற்றத்திலிருந்து வருவது என்ற இரண்டு தரப்புகளும் ஒரே நூலுக்குள் அருகருகே இடம்பெற்றிருப்பதைக் கவனிக்க வேண்டும். பின்னால் வந்த சமூக அறிவியல் இந்த இரண்டுக்கும் நடுவேதான் நெடுங்காலம் அலைந்திருக்கிறது.

திருப்பூர் வட்டாரத்தில் இந்த விடைக்குத் தனிச் செல்வாக்கு உண்டு. கைமடியாக, அதாவது டெய்லருக்கு உதவியாளராகச் சேர்ந்து, டெய்லராகி, பிறகு சொந்தக் கம்பெனி போட்டவர்களின் கதைகள் இங்கே ஏராளம். ஷரத் சாரி 2004இல் வெளியிட்ட 'ஃபிரடர்னல் கேபிடல்' என்ற ஆய்வு நூல் இந்தக் கதையைத்தான் ஆராய்கிறது. விவசாயக் குடும்பங்களிலிருந்து வந்து உரிமையாளர்களான கவுண்டர் சமூகத்து ஆண்கள், தங்கள் உயர்வுக்கு 'உழைப்பு' என்ற ஒரே சொல்லைக் காரணமாகச் சொன்னதை அவர் பதிவு செய்கிறார். அந்தச் சொல் பொய் என்று அவர் தள்ளவில்லை. ஆனால் உறவுமுறை, கடன் கிடைக்கும் வழி, நிலத்தில் ஆள் வைத்து வேலை வாங்கிய அனுபவம் ஆகியவை பின்னணியில் இருந்ததால்தான் அந்த உழைப்பு முதலாக மாறியது என்கிறார். அதே அளவு உழைத்த பெண்களுக்கும் தலித் தொழிலாளர்களுக்கும் அந்த ஏணி அவ்வளவு எளிதாகக் கிடைக்கவில்லை. குணம் என்ற விடையின் பலவீனம் இங்கே வெளிப்படுகிறது. பலன் தெரிந்த இடத்தில் ஊக்கம் நிலைத்து நிற்கும்; பலன் தெரியாத இடத்தில் அது தளர்ந்தால் அதைச் சோம்பல் என்று பெயரிட்டு முடித்துவிடுகிறோம்.

கூலியே காரணம்

இரண்டாவது விடை பொறியாளர்களிடமிருந்தும் பொருளியலாளர்களிடமிருந்தும் வந்தது. அமெரிக்கப் பொறியாளர் ஃபிரெடரிக் டெய்லர் 1911இல் எழுதிய அறிவியல் மேலாண்மை நூலில் இரண்டு வகைச் சோம்பலைப் பிரித்தார். ஒன்று மனித இயல்பான சுணக்கம். மற்றொன்று திட்டமிட்ட சுணக்கம்: வேகமாகச் செய்தால் முதலாளி கூலி விகிதத்தைக் குறைத்துவிடுவார் என்று தெரிந்து, தொழிலாளர்கள் கூட்டாகக் கடைப்பிடிப்பது. இரண்டாவதுதான் பெரிது என்று அவரே ஒப்புக்கொண்டார். அவர் தந்த மருந்து, வேலையை அளந்து தனித்தனியாக ஊதியம் தருவது.

அளந்து கொடுப்பது பலன் தரும் என்பதற்கு நல்ல சான்று உண்டு. ஓரியானா பாண்டியேரா, இவான் பராங்கே, இம்ரான் ரசூல் ஆகிய மூவர் இங்கிலாந்தில் ஒரு பழத்தோட்டத்தில் நடத்திய ஆய்வு 2005இல் வெளியானது. அங்கே முதலில், ஒருவர் அதிகம் பறித்தால் மற்றவர்களின் ஒப்பீட்டு நிலை இறங்கும்படி கூலி அமைந்திருந்தது. பருவத்தின் நடுவில் அதைச் சாதாரணப் பீஸ் ரேட்டாக மாற்றியதும் உற்பத்தி குறைந்தது 50 சதவீதம் கூடியது. முன்பு மெதுவாகப் பறித்தவர்கள் சோம்பேறிகளாக இருந்திருக்கவில்லை. தம் வேகம் பக்கத்தில் இருப்பவரைப் பாதிக்கும் என்பதால் கையை அடக்கிக்கொண்டிருந்தார்கள். குழுவில் நண்பர்கள் அதிகம் இருந்தபோது அந்த அடக்கமும் அதிகமாக இருந்தது.

ஆனால் பீஸ் ரேட்டும் முழு விடை ஆகாது. சமூகவியலாளர் டொனால்ட் ராய் 1944-45இல் சிகாகோ பகுதியில் ஓர் இயந்திரப் பட்டறையில் துளையிடும் தொழிலாளியாக வேலை பார்த்து எழுதிய கட்டுரைகள் இதைக் காட்டின. அங்கே மணிக்கு 1.25 டாலருக்கு மேல் யாரும் கணக்குக் காட்டமாட்டார்கள். காட்டினால் ரேட் குறைக்கப்படும் என்பது அவர்களுடைய உறுதியான நம்பிக்கை. திருப்பூரின் வரலாறும் இந்தச் சிக்கலை அறிந்ததே. 1984இல் பஞ்சப்படி கேட்டு நடந்த வேலைநிறுத்தம் 127 நாள் நீடித்தது. அதன் பிந்தைய ஆண்டுகளில் பீஸ் ரேட்டும் காண்ட்ராக்ட் முறையும் பரவின என்று இவ்வூரை ஆராய்ந்தவர்கள் எழுதியிருக்கிறார்கள். இன்று ஒரே வட்டாரத்தில் ஷிப்ட் சம்பளம், பீஸ் ரேட், காண்ட்ராக்ட் மூன்றும் சேர்ந்தே நடக்கின்றன. ஒன்றரை ஷிப்ட் ஓட்டுபவருக்கு நேரம்தான் பணம். பீஸ் ரேட்காரருக்கு எண்ணிக்கைதான் பணம். முன்னவரின் நிதானம் பின்னவரின் கண்ணுக்குச் சுணக்கமாகத் தெரிவதில் வியப்பில்லை. இருவரும் வேறு வேறு கணக்குப் போடுகிறார்கள்.

கூட்டமே காரணம்

மூன்றாவது விடையின் தொடக்கம் ஒரு கயிற்றில் இருக்கிறது. பிரெஞ்சு வேளாண் பொறியாளர் மாக்ஸ் ரிங்கெல்மான் 1880களில் ஆட்களைக் கயிறு இழுக்கவைத்து அளந்து, முடிவுகளை 1913இல் வெளியிட்டார். ஆள் கூடக்கூட ஒவ்வொருவரும் போடும் விசை குறைந்தது. எட்டுப் பேர் சேர்ந்தபோது, ஒருவர் தனியாக இழுப்பதில் ஏறக்குறையப் பாதிதான் ஆளுக்கு வந்தது. ஒரே நேரத்தில் இழுக்க முடியாததால் வந்த இழப்பாக இது இருக்கலாமே என்ற ஐயம் எழுந்தது. 1974இல் ஆலன் இங்கமும் உடனிருந்தவர்களும் ஆட்களின் கண்ணைக் கட்டி, பின்னால் மற்றவர்கள் இழுப்பதாக நம்பவைத்துச் சோதித்தார்கள். உண்மையில் தனியாக இழுத்தபோதும் விசை குறைந்தது. 1979இல் பிப் லத்தானே, கிப்லிங் வில்லியம்ஸ், ஸ்டீபன் ஹார்கின்ஸ் கைதட்டலிலும் கூச்சலிலும் இதே விளைவைக் கண்டார்கள். ஒவ்வொருவரின் பங்கும் தனியாக அளக்கப்படுகிறது என்று சொன்னதும் சுணக்கம் மறைந்தது என்பது அடுத்த இரண்டு ஆண்டுகளில் அவர்கள் கண்டறிந்தது. இதுவே இந்தத் தரப்பின் மிக உறுதியான முடிவு எனலாம்.

தொழிற்சாலைக்குள் கூட்டம் வேறு விதமாகவும் வேலை செய்கிறது. சிகாகோவுக்கு அருகே ஹாதார்ன் ஆலையில் 1931-32இல் 14 தொழிலாளர்களைத் தனி அறையில் கவனித்தபோது, நாளொன்றுக்கு இவ்வளவுதான் என்ற எழுதாத அளவு அங்கே இருப்பது தெரிந்தது. அளவை மீறி வேகம் காட்டியவருக்குப் பட்டப்பெயரும் தோளில் ஒரு குத்தும் கிடைத்தன. ஆர்வமுள்ளவரை அடக்குவது கூட்டத்தின் சோம்பல் அல்ல, அதன் சட்டம் என்பது அந்த அறை கற்பித்த பாடம்.

எனினும் கூட்டம் எப்போதும் கீழ்நோக்கியே இழுப்பதில்லை. கலிபோர்னியாவின் நாப்பா நகரிலிருந்த கோரெட் ஆடை ஆலை 1990களின் நடுவில் தனிநபர் பீஸ் ரேட்டிலிருந்து குழு ஊதியத்துக்கு மாறியதை ஹாமில்டன், நிக்கர்சன், ஓவான் ஆகியோர் 2003இல் ஆராய்ந்தார்கள். உற்பத்தி சராசரியாக 14 சதவீதம் கூடியது. மெதுவானவர்களுடன் பங்கிடுவதால் தங்கள் வருமானம் இறங்கக்கூடும் என்ற நிலையிலும், வேகமான டெய்லர்களே முதலில் குழுவில் சேர்ந்தார்கள். திறமையில் பெரிய வேறுபாடுள்ள குழுக்கள், அதே சராசரித் திறமை கொண்ட ஒரே மாதிரியான குழுக்களைவிட நன்றாகச் செய்தன. கற்றுக்கொடுப்பதும், வேலையைத் தங்களுக்குள் மாற்றிக்கொள்வதும், நெரிசல் விழும் இடத்தில் கைகொடுப்பதும் சாத்தியமானதை ஆய்வாளர்கள் ஒரு விளக்கமாக முன்வைக்கிறார்கள். தையல் தொழிலுக்கு இதைவிட நெருக்கமான சான்று கிடைப்பது அரிது. ஆனால் சேர்வதா வேண்டாமா என்பது அங்கே தொடக்கத்தில் தொழிலாளியின் விருப்பமாக இருந்தது. லைனில் உட்காரவைக்கப்படுபவருக்கு அந்த வாய்ப்பு இல்லை.

ஏமாளியா, ஈடுகட்டுபவரா?

ஆர்வமுள்ளவரின் இக்கட்டை நேராகத் தொடும் ஆய்வுகள் இரண்டு. அவை எதிரெதிர்த் திசையில் போவதுபோலத் தெரியும். நார்பர்ட் கெர் 1983இல் கண்டது: தன்னுடன் சேர்ந்தவர் திறமை இருந்தும் முயலாமல் இருக்கிறார் என்று தெரிந்தால், மனிதர்கள் தங்கள் முயற்சியையும் குறைத்துக்கொள்கிறார்கள். கூட்டு வெற்றி போனாலும் பரவாயில்லை, ஏமாளியாகக் கூடாது என்பதே அதன் உந்துதல். கிப்லிங் வில்லியம்ஸும் ஸ்டீவன் கராவும் 1991இல் கண்டது: உடன் இருப்பவர் குறைவாகவே செய்வார் என்று எதிர்பார்க்கும்போது, வேலை தனக்கு முக்கியமானதாக இருந்தால், மனிதர்கள் கூடுதலாக உழைத்து ஈடுகட்டுகிறார்கள்.

இந்த இரண்டையும் இணைத்துப் படித்தால்தான் இக்கட்டுரையின் வாதம் தெளிவாகும். பக்கத்தில் இருப்பவரால் முடியவில்லையா, அவர் மாட்டேன் என்கிறாரா என்பதைப் பொறுத்து நம் ஊக்கம் தடம் மாறக்கூடும். முடியாதவருக்கு நாம் சுமை தூக்கச் சம்மதிக்கிறோம். மாட்டேன் என்பவர் முன்னால் கையைக் கட்டிக்கொள்கிறோம். பிரச்சினை என்னவென்றால், மெஷின் சத்தத்துக்கு நடுவே ஒருவர் மெதுவாகத் தைப்பதை மட்டும்தான் நம்மால் பார்க்க முடியும். ஏன் என்பதை நாமே ஊகிக்கிறோம். ஊசி மாற்றித் தர ஆள் வராததால் இருக்கலாம். துணி இழுத்துக்கொண்டே போவதால் இருக்கலாம். ஒடிசாவிலிருந்து வந்து மூன்று வாரமே ஆன ஒருவருக்குச் சூப்பர்வைசரின் தமிழ் புரியாததால் இருக்கலாம். வீட்டில் விடியற்காலை நான்கு மணிக்கே முதல் ஷிப்ட்டைத் தொடங்கிவிட்ட பெண்ணின் களைப்பாகவும் இருக்கலாம். இவை எல்லாவற்றையும் 'மாட்டேன்' என்ற ஒரே பெட்டியில் போடும்போது நம் ஊக்கத்தை நாமே அணைக்கிறோம். பக்கத்து மெஷினின் சுணக்கம் பெரும்பாலும் ஒரு கணக்கின் விடை. அந்தக் கணக்கைத் தெரிந்துகொள்வதே ஊக்கத்தைக் காப்பதற்கு முதல் வழி என்று சான்றுகள் சுட்டுவதாகக் கொள்ளலாம்.

நியாயமும் குரலும்

இந்திய ஆய்வுகள் இந்த வாதத்துக்கு வலுச் சேர்க்கின்றன. எமிலி பிரெசா, சுப்ரீத் கௌர், யோகிதா சம்தசானி ஆகியோர் ஒடிசாவில் 378 தொழிலாளர்களைக் கொண்டு நடத்திய சோதனை 2018இல் வெளியானது. ஒரே குழுவில் ஒரே வேலைக்கு ஆளுக்கொரு சம்பளம் தந்தபோது, குறைவாகப் பெற்றவர்களின் உற்பத்தியும் வருகையும் இறங்கின. அதே வேறுபாட்டுக்குக் காரணம் கண்ணுக்குத் தெரிந்தபோது, அதாவது இவர் அதிகம் செய்கிறார் என்று எல்லோராலும் பார்க்க முடிந்தபோது, அந்த இறக்கம் தெரியவில்லை. மனத்தை ஒடித்தது காரணம் புரியாத வேறுபாடுதான்.

பெங்களூரு ஆடை ஆலைகளில் அச்சுத அத்வர்யுவும் உடன் ஆய்வாளர்களும் நடத்திய சோதனை இன்னொரு பக்கத்தைக் காட்டியது. எதிர்பார்த்த அளவு சம்பளம் கூடாமல் ஏமாற்றம் ஏற்பட்ட வேளையில், தொழிலாளர்களில் ஒரு பகுதியினருக்குப் பெயர் சொல்லாமல் கருத்துத் தெரிவிக்க வாய்ப்புத் தரப்பட்டது. சம்பளம் மாறவில்லை, ஆனால் அந்தப் பகுதியினரில் வேலையை விட்டுப் போனவர்கள் குறைந்தார்கள். சொல்ல ஓர் இடம் கிடைப்பதே கசப்பைக் கொஞ்சம் கரைக்கிறது போலும். இதை முதலாளிகளுக்கு மலிவான மருந்தாக எடுத்துக்கொள்ளும் ஆபத்தும் இருக்கிறது. கேட்டுவிட்டு ஒன்றும் செய்யாமல் இருந்தால் இரண்டாம் முறையும் அதே பலன் வருமா என்பது வேறு கேள்வி.

வேலையிலேயே இன்பம்

கடைசி விடை, இன்பத்தை வேலைக்குள்ளேயே தேடச் சொல்கிறது. எட்வர்ட் டெசியும் ரிச்சர்ட் ரயனும் வளர்த்த கோட்பாட்டின்படி தன்விருப்பம், தேர்ச்சி, உறவு மூன்றும் இருந்தால் வெளித்தூண்டல் இல்லாமலே ஊக்கம் நிலைக்கும். ஏமி ரெஸ்னீவ்ஸ்கியும் ஜேன் டட்டனும் 2001இல் எழுதிய கட்டுரை, மருத்துவமனைத் துப்புரவுப் பணியாளர்களில் சிலர் தங்கள் வேலையை நோயாளியைக் குணப்படுத்துவதின் ஒரு பகுதியாக மாற்றி அமைத்துக்கொண்டதை எடுத்துக்காட்டியது. ராய் 1959இல் எழுதிய இன்னொரு கட்டுரை, சலிப்பூட்டும் வேலையில் குறிப்பிட்ட நேரத்தில் ஒருவர் கொண்டுவரும் வாழைப்பழத்தை இன்னொருவர் பறித்துத் தின்பது போன்ற அன்றாட வேடிக்கைகள் நாளை நகர்த்தியதைச் சொன்னது.

திருமுருகன்பூண்டியின் சிற்பக்கூடங்களை இந்தத் தரப்பின் உதாரணமாகக் காட்டுவது எளிது. கண் திறப்பதிலும் விரல் நுனியைத் தேய்ப்பதிலும் கைத்தேர்ச்சிக்கு இடமுண்டு. வேலை வளர்வது கண்முன் தெரிகிறது. ஆனாலும் கல்லை உருட்டிப் பிளப்பவரும் மெருகேற்றுபவரும் அங்கே உண்டு, கல்தூசியும் உண்டு. எல்லாக் கையும் சிற்பியின் கை ஆவதில்லை. நாள் முழுக்கச் சைடு மட்டும் அடிப்பவரிடம் வேலையை மாற்றி அமைத்துக்கொள் என்று சொன்னால், மாற்ற அவரிடம் என்ன இருக்கிறது என்ற கேள்வி எழும். மைக்கேல் புரவாய், ராய் 1944-45இல் வேலை பார்த்த அதே இயந்திரப் பட்டறையில் முப்பது ஆண்டுகள் கழித்து வேலை செய்து 1979இல் எழுதிய நூலில் எச்சரித்ததும் இதுவே. இலக்கை எட்டும் விளையாட்டு தொழிலாளிக்கு இன்பம் தருகிறது. அதே விளையாட்டு, விதிகளை யார் வகுத்தார்கள் என்ற கேள்வியை மறக்கவும் வைக்கிறது.

மறுப்புகள் சில

எல்லாமே கணக்கு என்றால் உண்மையான சோம்பேறிகளே இல்லையா என்று கேட்கலாம். இருக்கிறார்கள். ஒரே சம்பளம், ஒரே மெஷின், ஒரே சூப்பர்வைசர் என்றிருக்கும் இடத்திலும் ஆளுக்கு ஆள் வேறுபாடு இருக்கிறது. ஆனால் கூலிமுறை ஒன்று மாறியதும் அதே ஆட்கள் ஒன்றரை மடங்கு பறித்த பழத்தோட்டத்தைப் பார்த்த பிறகு, குணத்தை முதல் ஐயமாக வைப்பதற்கு நியாயம் குறைவு. மற்ற எல்லாவற்றையும் பார்த்துவிட்டுக் கடைசியாகச் சொல்ல வேண்டிய காரணம் அது.

கயிறு இழுத்தவர்களையும் கைதட்டிய மாணவர்களையும் வைத்துப் பனியன் கம்பெனியைப் பேசலாமா என்பது இன்னொரு மறுப்பு. இதில் பெரிய அளவு உண்மை உண்டு. சில நிமிடச் சோதனையில் கடனும் இல்லை, விடுதி வார்டனும் இல்லை, ஊரில் காத்திருக்கும் குடும்பமும் இல்லை. கிரேஸ் கார்ஸ்வெல்லும் கீர்ட் டி நீவும் திருப்பூர் பற்றி 2013இல் எழுதிய கட்டுரை, தொழிலாளி எந்தக் கம்பெனிக்குப் போகிறார், எவ்வளவு நாள் இருக்கிறார் என்பதை வீடும் சாதியும் கடனும் சேர்ந்தே தீர்மானிப்பதைக் காட்டியது. ஆகவே ஆய்வகத்து முடிவுகளைத் திசைகாட்டியாக வைத்துக்கொள்ளலாம். அளவுகோலாக வைக்க முடியாது. தோட்டத்திலும் ஆடை ஆலையிலும் நடந்த ஆய்வுகள் அதே திசையையே காட்டுவதால்தான் ஆய்வகத்து முடிவுகளுக்கு இங்கே இடம் தரப்பட்டது.

நிறுவனத்தை மாற்று என்று சொல்வது தனி ஒருவருக்கு எப்படி உதவும் என்பதே கடினமான மறுப்பு. கூலிமுறை அவர் கையில் இல்லை. ஆனால் சான்றுகள் அவருக்கும் கொஞ்சம் தருகின்றன. தன் பங்கைத் தானே எண்ணிக் குறித்துக்கொள்வது, தன் அளவைத் தன் நேற்றைய அளவோடு ஒப்பிடுவது, வேகமும் நிதானமும் உள்ள ஒருவர் அருகே இடம் கேட்பது, மெதுவாக இருப்பவரிடம் காரணம் கேட்பது ஆகிய நான்கும் சிறியவை. ஆனால் பிறரை எதிர்பார்க்காமல் தொடங்கக்கூடியவை. அருகே யார் இருக்கிறார் என்பது முக்கியம். பழத்தோட்டத்தை ஆராய்ந்த அதே மூவர் 2010இல் எழுதியது: தன்னைவிடத் திறமையான நண்பர் அருகே இருந்தால் மெதுவானவர் வேகம் கூட்டுகிறார், மெதுவான நண்பர் அருகே இருந்தால் திறமையானவர் தன் வருமானத்தை விட்டுக்கொடுத்தும் வேகம் குறைக்கிறார்.

எஞ்சி நிற்பவை

தீராத கேள்விகள் பல. ஈடுகட்டும் மனம் எவ்வளவு நாள் தாங்கும்? ஒருவரே தொடர்ந்து சுமந்தால், முடியாதவருக்கு உதவுகிறேன் என்ற நினைப்பு எப்போது ஏமாளி என்ற நினைப்பாகத் திரும்பும்? தமிழும் இந்தியும் ஒடியாவும் கலந்த லைனில், ஒருவர் சுணக்கத்துக்கு மற்றவர் காரணம் கேட்கவே மொழி இல்லாதபோது என்ன ஆகும்? ஆர்டர் வரத்து ஏறி இறங்கும் தொழிலில், நாளை வேலை உண்டா என்று தெரியாதவரின் ஊக்கத்தை எப்படி அளப்பது? குழு ஊதியம் கோரெட் ஆலையில் வென்றது. ஆள் அடிக்கடி மாறும் இடத்தில் அது வெல்லும் என்று உறுதியாகச் சொல்ல இயலாது.

ஆனாலும் இதுவரை கண்டதை வைத்து ஒரு தீர்ப்பு சொல்லலாம். ஒருவரைச் சோம்பேறி என்று சொல்வதற்கு முன் மூன்றைக் கேட்க வேண்டும். அவர் செய்தது தனியாகத் தெரிகிறதா? வேகமாகச் செய்தால் அவருக்கோ அருகில் இருப்பவருக்கோ கெடுதல் வருகிறதா? குறையைச் சொல்ல அவருக்கு இடம் இருக்கிறதா? இவற்றுக்குச் சரியான விடை உள்ள கம்பெனியில் ஊக்கம் பற்றிய உபதேசத்துக்குத் தேவை குறையும். விடை இல்லாத கம்பெனியில் உபதேசம் வீண். ஊக்கம் குன்றாத தொழிலாளிக்கும் இதே கேள்விகள் பயன்படும்: பக்கத்து மெஷினைப் பார்த்துக் கோபப்படும் முன், அது ஏன் மெதுவாக ஓடுகிறது என்று ஒருமுறை கேட்டுவிடுவது நல்லது.